இயந்திரம் வந்த பாதை – 17: மருந்து, எஞ்சின், முள்

சென்ற இதழில் 1927-இல் நிறுத்தியிருந்தோம். விருதுநகரிலிருந்து தென்காசி வரை மீட்டர் கேஜ் பாதை திறந்து, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஊர்களுக்குள் நீராவி ரயில் புகைவிட்டுக்கொண்டு நுழைந்த ஆண்டு அது. ரயிலோடு எஞ்சினும் வந்துவிட்டது என்றுதான் பொதுவாக எழுதுகிறோம். இந்தத் தொடரில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்காது. கரிசல்காட்டு ஊர்கள் பலவற்றுக்கு எஞ்சின் போய்ச் சேர்ந்தது மாட்டுவண்டியில், வைக்கோல் மெத்தை மேல் கிடத்தி, கயிறு போட்டுக் கட்டி.

அப்படி வந்த எஞ்சின்களில் ஒன்று டூரிங் டாக்கீஸ் எஞ்சின். பருத்தி எடுத்து முடித்து, காடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் ஊருக்கு வெளியே கொட்டகை எழும்பும். பொழுது சாய்ந்ததும் கம்பத்து உச்சியில் கட்டிய குழாயிலிருந்து பாட்டு கிளம்பும். சுற்றுப்பட்டிக்காரர்களுக்கு அது மணிக்கூண்டு மாதிரி. இன்ன பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், இன்ன பாட்டு முடிந்தால் படம் தொடங்கிவிடும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இன்று எழுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் அந்தப் பாட்டுகளை வரிசை பிசகாமல் சொல்வார்கள்.

அந்தக் கொட்டகையின் பின்பக்கம் சற்றுத் தள்ளி ஓர் ஆயில் எஞ்சின் டைனமோவைச் சுற்றிக்கொண்டிருக்கும். கொட்டகைக்குள், ஆபரேட்டர் அறையில், இசைத்தட்டின் மேல் ஒரு முள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒன்றன் பலத்தைக் குதிரை எண்ணிக்கையில் சொல்கிறோம். மற்றொன்றின் பாரத்தைக் கிராமில் அளக்கிறோம். இரண்டுக்கும் இடையே நூறு அடி வயர். இந்த இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எழுதக் காரணம், இரண்டும் ஒரே சிக்கலைத் தீர்த்தபின்தான் உலகத்துக்குப் பயன்பட்டன: வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? அந்தச் சிக்கலோடு எஞ்சின் வருவதற்கு முன்பே கையால் போராடிய ஊர் ஒன்று நம் வட்டாரத்தில் இருக்கிறது.

சிவகாசியில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்பதுதான் பேச்சு. ஒரு வெடி ஆபீஸில் தயாராகும் சரக்குகளை வரிசையாகப் பாருங்கள். வெடி, மருந்து முழுவதையும் ஒரே நொடியில் செலவழித்துவிடுகிறது. புஸ்வாணம் அதே வெப்பத்தை அரை நிமிடத்துக்கு நீட்டி, மேலே உள்ள சிறு துளை வழியாக வெளியே அனுப்புகிறது. சங்குசக்கரம் வாயுவை ஒரு பக்கமாகத் துப்பி, அந்த எதிர்விசையில் தன்னையே சுழற்றிக்கொள்கிறது. ராக்கெட்டில் அடிப்பக்கத் துளையைக் குறுக்கி வைத்திருப்பதால் வாயு வேகம் பிடித்து வெளியேறி, குழலை மேலே தள்ளுகிறது. வெப்பத்தை அசைவாக மாற்றுவதுதான் வெப்ப எஞ்சினின் இலக்கணம் என்றால், சக்கரமும் ராக்கெட்டும் எஞ்சின்களேதான். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை மருந்தின் பொடி நயமும், இடித்துச் செலுத்தும் இறுக்கமும், துளையின் அளவும் தீர்மானிக்கின்றன. மூன்றும் மருந்து அடைக்கிறவரின் கைப்பக்குவம். பற்றவைத்த பிறகு அந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ எவராலும் முடியாது.

இந்த எஞ்சினின் ஆற்றலை நம் மண்ணிலேயே ஒரு போர் காட்டியது. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் ராக்கெட் வாணங்களோடு சூழ்ந்துகொண்டார்கள். சண்டையின் நடுவே கும்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லியின் படை சிதைந்தது. மைசூர்ப் படையின் வாணங்கள் மற்ற வாணங்களிலிருந்து மாறுபட்டது ஒரே இடத்தில்தான். அவற்றின் குழல் இரும்பு. காகிதமும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அழுத்தம் கூடியதால் தூரமும் கூடியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தம்முடைய ராக்கெட்டைச் செய்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டுகளில் எரிந்தது. அதிக அழுத்தம் தாங்கும் கலனில்தான் வெப்பத்திலிருந்து அதிக வேலை வாங்க முடியும் என்ற பாடத்தை நீராவி பாய்லர் செய்தவர்கள் பிறகு பல விபத்துகளின் வழியே கற்றார்கள்.

பிஸ்டன் எஞ்சினின் பூர்வீகமும் வெடிமருந்துதான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஊசல் கடிகாரத்தைத் தந்தவர், 1673-இல் பாரிஸில் ஒரு குழாய் எஞ்சினைப் பற்றி எழுதினார். நிமிர்ந்து நிற்கும் உருளை. உள்ளே ஒரு பிஸ்டன். அடியில் சிட்டிகையளவு வெடிமருந்து. மருந்து வெடித்ததும் உள்ளிருக்கும் காற்று தோல் வால்வுகள் வழியாக வெளியேறிவிடும். மிஞ்சிய சூடான வாயு குளிர்ந்து சுருங்கும். அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, கயிற்றில் கட்டிய பாரம் மேலே ஏறும். வெடி நேரடியாகத் தள்ளுவதில்லை. வெடித்துவிட்டுப் போன வெறுமைதான் வேலை செய்கிறது. எனக்கு இன்றும் வியப்பு தரும் யோசனை இது. ஆனால் உருளைக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் புதிதாக மருந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு தரம் தூக்கும், மறுதரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஹைகன்ஸிடம் உதவியாளராக இருந்த டெனி பாப்பின் மருந்தை விட்டுவிட்டு, அதே உருளையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தார். நீராவி குளிர்ந்தால் மறுபடியும் தண்ணீராகி ஏறக்குறைய முழு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. 1690-இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். 1712-இல் நியூகோமன் அந்த வழியில் சுரங்கத் தண்ணீர் இறைத்தார். நீராவி எஞ்சினுக்குத் தாத்தா முறை வெடிமருந்து.

எஞ்சின் இப்போது தொடர்ந்து ஓடியது. ஆனால் சீராக ஓடவில்லை. பாரம் குறைந்தால் வெறிபிடித்து ஓடும், கூடினால் திணறும். நூல் ஆலைக்காரருக்கு அது ஆகாது, இழை அறுந்துபோகும். 1788-இல் ஜேம்ஸ் வாட், மாவாலைக் காற்றாடிகளில் ஏற்கெனவே இருந்த ஓர் ஏற்பாட்டை நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால் ராட்டினத் தொட்டில் போல அவை வெளிப்பக்கம் விரியும். விரிந்தால் நீராவிக் குழாயின் வாய் சுருங்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், வாய் திறக்கும். கவர்னர் என்று பெயர். தன் வேகத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் இயந்திரம் அதிலிருந்துதான் பெருகியது. மருந்துக் குழலுக்கு இல்லாத கடிவாளம் எஞ்சினுக்குக் கிடைத்துவிட்டது.

நம் வட்டாரக் கிணற்றுமேட்டுக்கு வந்தது நீராவி அல்ல, எண்ணெய். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்ற எஞ்சினை இங்கிலாந்தின் கிரந்தம் ஊரிலிருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனி 1892 முதல் செய்தது. உருளையின் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஊதுவிளக்கால் அதைச் சில நிமிடங்கள் நன்றாகக் காய்ச்சிவிட்டு, பெரிய சக்கரத்தைப் பலம்கொண்டு சுழற்றிவிட்டால், குமிழின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். தீப்பொறி போடும் கருவி எதுவும் வேண்டாம். கம்பெனி மெக்கானிக் இல்லாத ஊரில் இது பெரிய வசதி. இதன் தம்பி டீசல் எஞ்சின். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியது. டீசலின் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு செய்தி சொல்கிறார்கள்: ஆக்ஸ்பர்க் பள்ளியில் சிறுவனாக இருந்தபோது, கண்ணாடிக் குழலுக்குள் காற்றை ஒரே அடியில் அமுக்கிப் பஞ்சைப் பற்றவைக்கும் கருவியை அவர் பார்த்தாராம். மலாய் நாட்டவரும் பர்மியரும் நெடுங்காலமாக அடுப்பு மூட்டிவந்த முறை அது. தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டும் அந்தக் குழல் உலகத்தின் லாரிகளையும் கப்பல்களையும் ஓட்டும் என்று தீப்பெட்டி செய்யும் ஊரில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சினைக் கிணற்றோடு சேர்த்துவைக்கப் பாடுபட்டவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவரும் இவர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சின் பம்புகளை வைத்துப் பரிசோதித்து, செலவுக் கணக்கெல்லாம் எழுதி, 1912-இல் ‘லிஃப்ட் இரிகேஷன்’ என்ற நூலாகவே போட்டார். கமலை இறைக்கும் ஒரு சோடி மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும், எஞ்சினுக்கு ஓடும்போது மட்டும் எண்ணெய் ஊற்றினால் போதும் என்ற கணக்கு சம்சாரிகளுக்கு விளங்காமல் போகாது. விருதுநகரில் எண்ணெய்ச் செக்கும் பருத்தி அரைவையும் மெல்ல எஞ்சினுக்கு மாறின.

ஆனால் சிவகாசி எஞ்சினைத் தள்ளியே வைத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்துத்தான் தொடங்கினார்கள். பிறகு தொழில் நிலைபெற்றதோ கைவேலையில். சுவீடன் முதலீட்டில் வந்த விம்கோ இயந்திரத்தில் குச்சி செய்தது. இங்கே பெண்களும், சொல்லவே நெஞ்சு கனக்கிறது, பிள்ளைகளும் சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள். கூலி மலிவு என்பது முக்கியமான காரணம். வெடி ஆபீஸில் மருந்தின் இயல்பே இன்னொரு காரணமாக நின்றது. உரசல், அதிர்ச்சி, பொறி, சூடு எதையும் மருந்து பொறுக்காது. எஞ்சின் என்றாலே இந்த நான்கும் உண்டு. மருந்தறைக்குள் இரும்புக் கருவிகூட ஆகாது என்று விதி. கட்டுப்பாடு மொத்தமும் மனிதக் கையின் மேல் விழுந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடி ஆபீஸ் விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். உதவிக்கு ஓடிப்போனவர்களும் அதில் சேர்த்தி. கவர்னர் இல்லாத எஞ்சினுக்கு அருகில் மனிதரை உட்காரவைத்து வேலை வாங்குகிறோம் என்பதை இந்தத் தொடரில் எழுதாமல் விட்டால் மற்ற எஞ்சின்களைப் பற்றி எழுதியும் பயனில்லை.

இனி முள்ளுக்கு வருவோம்.

1887-இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் தட்டைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் சோர்ந்தால் பாடகரும் சோர்வார். அமெரிக்காவில் கேம்டன் ஊரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிஜ் ஜான்சன் 1896 வாக்கில் அதற்குச் சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்தார். முறுக்கிய வில்லின் பலம் அவிழ அவிழக் குறைந்துகொண்டே போகும். தட்டின் வேகமோ குறையக் கூடாது. ஜான்சன் எதைப் பிடித்தார் தெரியுமா? வாட்டின் கவர்னரை. தட்டைத் தூக்கிவிட்டுப் பழைய கிராமபோன் பெட்டிக்குள் பாருங்கள். விரல் நீளத் தண்டில் மெல்லிய எஃகுப் பட்டைகள் மூன்று, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு ஈயக் குண்டு. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத்தை இழுக்கும். அது தோல் துண்டில் உரசி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஆலையை ஆண்ட அதே தத்துவம் வீட்டுக் கூடத்தில், சுண்டைக்காய் அளவில். ஒரு பழைய பெட்டியை நான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது அந்தக் குண்டுகள் விரிவதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பாட்டைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜான்சனின் அடுத்த வேலை கை. தொடக்கக் கிராமபோனில் ஒலிப்பெட்டியோடு பெரிய புனலும் சேர்ந்து முள்ளின் தலையில் ஏறிச் சவாரி செய்தது. அத்தனை பாரத்தையும் தட்டின் கோடுதான் இழுத்துப்போக வேண்டும். 1903-இல் வந்த மாதிரியில் புனலைப் பெட்டியோடு நிலையாகப் பிணைத்துவிட்டார். நடுவில் மூட்டு வைத்த ஓர் உள்ளீடற்ற குழாயை மட்டும் ஆட விட்டார். முள் பக்கம் ஒடுங்கி, புனல் பக்கம் விரியும் குழாய். ஒலி தடையில்லாமல் விரிந்து போவதற்காக அந்த வடிவம். டோன் ஆர்ம் என்ற பெயர் அப்படி வந்தது: ஒலி போகும் கை. இவ்வளவு செய்தும் முள்ளின் மேல் நூறு கிராமுக்கு மேல் பாரம் நின்றது. அரக்கோடு கல்தூள் கலந்து செய்த தட்டு, எஃகு முள்ளைத் தன் கோட்டுக்குப் பொருந்துமாறு தேய்த்துக்கொள்ளும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு முள் மாற்றச் சொன்னார்கள். மாற்றாமல் சிக்கனம் பிடித்தவர்களின் தட்டுகள் சீக்கிரமே நரைத்துப் போயின.

மின்சாரப் பிக்கப் வந்தபின் கை ஒலியைச் சுமக்க வேண்டியதில்லை; முள்ளை மட்டும் சுமந்தால் போதும். அதற்குச் சற்று முன்பே ஒரு வடிவியல் தகராறு வெளிச்சத்துக்கு வந்திருந்தது. தட்டு வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை ஓரத்திலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் போகிறது. ஒலிக்கும் கையோ ஒரு மூட்டில் மாட்டியிருப்பதால் செக்கு மாடு போல வட்டத்தின் வில்லில்தான் போகும். வெட்டியவன் பார்த்த திசையும் படிப்பவன் பார்க்கும் திசையும் ஒத்துப்போகாமல் ஒலி கரகரத்தது. 1924-இல் பெர்சி வில்சன் இங்கிலாந்தில் இதற்குக் கணக்குப் போட்டார்: கையின் தலையைக் கொஞ்சம் உள்நோக்கி வளை, முள் தட்டின் மையத்தைத் தாண்டிச் சற்று நீளட்டும். 1938-இல் சுவீடனின் லேஃப்கிரன், 1941-இல் பேர்வால்ட் ஆகியோர் கணக்கைச் செம்மையாக்கினார்கள். சரியாக அமைத்தால் தட்டின் இரண்டு இடங்களில் பிழை அறவே இல்லை, மற்ற இடங்களில் பொறுக்கும் அளவுதான். வளைத்ததால் ஒரு புது வில்லங்கம் முளைத்தது. முள்ளின் உராய்வு இப்போது மூட்டுக்கு நேராக இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கையை மையத்தை நோக்கித் தள்ளும். கோடு கீறிய இடத்தில் முள் எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.  1948-இல் எல்.பி. தட்டு வந்தபோது பாரம் பத்து கிராமுக்குள் இறங்கியது; இன்றைய நல்ல கைகள் இரண்டு கிராமில் படிக்கின்றன. 1972-இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் கம்பெனி, வெட்டும் இயந்திரத்தைப் போலவே நேர்கோட்டில் நகரும் கையையே விற்றது.

அந்தக் கை நம்மவர்க்கு எதைக் கொண்டுவந்தது? சிவகாசியில் 1886-இல் பிறந்த விஸ்வநாத தாஸ் மேடையேறிய காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதுக்கு எட்டுமாறு தொண்டையாலேயே பாடினார். விடுதலைப் பாட்டுகளுக்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் பிரிந்தது. அவர் தலைமுறை நாடகக் குரல்களில் சிலவற்றை இசைத்தட்டு பிடித்துவைத்தது. செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் 27 வயதில் போய்விட்டார். கொலம்பியா தட்டில் அவர் குரலும் கே.பி. சுந்தராம்பாள் குரலும் நின்றன. நாடகம் பார்க்க மதுரைக்குப் போக முடியாதவர்கள் திருவிழாவில் குழாய் வழியாகக் கேட்டார்கள். காரைக்குடி மெய்யப்பன் செட்டியார் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து ஓடியன் தட்டு விற்றுவிட்டுத்தான் படம் எடுக்க வந்தார். அதற்கும் முன்பே, 1905-இல், திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். டூரிங் டாக்கீஸ்காரர்கள் அவர் போட்ட வழியில் வந்தவர்கள்.

மறுபடியும் அந்தக் கொட்டகைக்கே போவோம். ஊருக்குள் மின்சாரம் இல்லை. பைக்காரா 1932-இலும் பாபநாசம் 1944-இலும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கினாலும் கரிசல் கிராமத்துக் கம்பம் இன்னும் வெகுதூரம். கடைசிப் பாட்டு முடிகிறது. ஆபரேட்டர் கையை இரண்டு விரலால் தூக்கித் தாங்கியில் வைக்கிறார். குழாயில் ஒரு ‘கொர்’ சத்தம், பிறகு அமைதி. தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பின்னால் திரும்பி ஆபரேட்டர் அறையின் ஓட்டையைப் பார்க்கிறார்கள். உள்ளே ஆபரேட்டர் இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கி வெளிச்சம் மூட்டுகிறார். அந்த நொடியில் டைனமோவின் மேல் பாரம் விழ, வெளியே எஞ்சினின் ‘டுப் டுப்’ ஒரு கணம் தாழ்கிறது. கவர்னர் குண்டுகள் இறங்கி, கூடுதலாக ஒரு மடக்கு எண்ணெய் உள்ளே போகிறது. சத்தம் பழைய தாளத்துக்கு ஏறுகிறது. வெள்ளைத் திரையில் ஒளி நடுங்கி, நிலைக்கு வருகிறது.

(தொடரும்)